எண்ணெய் அப்புறம், முதலில் தலையைக் காட்டுங்கள்

தலைமுடி பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். இரண்டு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். முக்கால்வாசிக் கடிதங்களின் கடைசி வரி ஒன்றேதான்: "எந்த எண்ணெய் தேய்க்கலாம், டாக்டரம்மா?"

சிம்மக்கல்லில் தோல் மருத்துவம் பார்க்க ஆரம்பித்து 24 வருடம் ஆகிறது. இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் ஆளை ஜன்னலோரம் உட்கார வைத்து, வகிடு பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். 'முடி கொட்டுகிறது' என்பது 'காய்ச்சல் அடிக்கிறது' என்பதைப் போல. டெங்குவா, டைபாய்டா, வெறும் சளிக் காய்ச்சலா என்று பார்க்காமல் மருந்து கொடுக்க முடியுமா? முடி கொட்டுவதும் அப்படித்தான். எழுதியவர்களின் பெயர்களை நான்தான் எடுத்துவிட்டேன். ஊர் மட்டும் இருக்கிறது.

எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. ஒரு மாதமாகச் சீப்பை வைத்தாலே கொத்துக் கொத்தாக வருகிறது. 'பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டான், அதனால்தான் கொட்டுது' என்கிறார் மாமியார். கணவர் 1,800 ரூபாய்க்கு ஒரு மூலிகை எண்ணெய் வாங்கி வந்திருக்கிறார். தேய்க்கலாமா?
- இளம் தாய், மேலூர்

உங்கள் மாமியார் சொல்கிற காரணம் தப்பு, கணக்கு சரி. நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடிக்கும் தனித்தனி ஆயுள். இரண்டிலிருந்து ஆறு வருடம் வளரும், பிறகு மூன்று மாதம் போல ஓய்வில் இருக்கும், அப்புறம் விழும். அதே குழியிலிருந்து புது முடி வரும். இப்படி ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை எல்லோருக்கும் விழுகிறது.

நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது சுரந்த ஹார்மோன், விழ வேண்டிய முடியையும் விழ விடாமல் பிடித்து வைத்திருந்தது. அந்த மாதங்களில் முடி அடர்த்தியாக இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். பிரசவம் ஆனதும் அந்தப் பிடி விட்டுப்போய், நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகிறது. ஓய்வு மூன்று மாதம். அதாவது பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிற சமயத்தில்தான் அவை ஒன்றாகக் கழிய ஆரம்பிக்கும். பாட்டிமார்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளையின் சிரிப்பு மேல் பழி விழுந்ததுதான் பாவம்.

டெங்கு, டைபாய்டு, பெரிய ஆபரேஷன், சோற்றைக் குறைத்து ஒரே மாதத்தில் எட்டுக் கிலோ இளைப்பது - இவற்றுக்குப் பின்னும் இதே கதைதான். திடீரென்று முடி கொட்டினால் காலண்டரில் மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு காரணம் இருக்கும்.

உங்களுக்கு இது தானாக நிற்கும். ஆறு மாதத்துக்குள் கொட்டுவது குறைந்துவிடும். பழைய அடர்த்தி வர ஒரு வருடம் ஆகலாம், ஏனென்றால் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நெற்றியோரம் குட்டி முடி குத்திட்டு நின்றால் சந்தோஷப்படுங்கள், அது புது முடி.

ஆனால் ஒன்று. பத்தியம் என்று பூண்டுக் குழம்பும் ரசமும் மட்டும் போட்டால் முடி எதை வைத்து வளரும்? முட்டை, மீன், பாசிப்பயறு, முருங்கைக்கீரை எல்லாம் சாப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் விடாமல் போட வேண்டும். டீ, காபியோடு போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். அசதி, படபடப்பு, காரணமில்லாமல் எடை ஏறுவது, இறங்குவது என்று ஏதாவது இருந்தால் தைராய்டும் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு தடுமாறும், அதிலும் முடி கொட்டும். பிள்ளைக்கு ஒரு வயது முடிந்தும் நிற்கவில்லை, வகிடு அகலமாகிறது என்றால் நேரில் காட்ட வேண்டும்.

அந்த 1,800 ரூபாய் பாட்டிலைப் பிரிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் முடி கொட்டுவது தானாக நிற்கப் போகிறது. அப்போது அந்தப் பெயர் எண்ணெய்க்குப் போய்விடும். நீங்களும் நாலு பேருக்கு வாங்கச் சொல்வீர்கள். பாதி எண்ணெய்கள் இப்படித்தான் பெயர் வாங்கியிருக்கின்றன.

பேரனுக்கு ஏழு வயது. தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக முடி போய், செதில் செதிலாக இருந்தது. மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கிப் போட்டோம், அரிப்பு நின்றது. மூன்று வாரம் கழித்து அதே இடம் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. தொட்டால் கொழகொழவென்று இருக்கிறது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. கீறிவிட்டால் சரியாகும் என்கிறார்கள். கீறலாமா?
- பாட்டி, அலங்காநல்லூர் பக்கம்

அம்மா, கீற வேண்டாம். இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க மனம் வராமல், பத்திரிகை அலுவலகத்தில் உங்கள் போன் எண்ணை வாங்கி அன்றைக்கே பேசிவிட்டேன். பையன் இப்போது மருந்து சாப்பிடுகிறான். இருந்தாலும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே கட்டி இந்த ஜில்லாவில் இன்னும் பல பிள்ளைகளின் தலையில் இருக்கும்.

இது தலையில் வரும் படர்தாமரை. ஒரு வகைப் பூஞ்சைக் காளான். பெரியவர்களுக்கு அபூர்வம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். வயதுக்கு வந்த பிறகு தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பசை இந்தக் காளானை வளர விடுவதில்லை. ஒரே சீப்பு, ஒரே துண்டு, தொப்பி, முடி வெட்டும் மெஷின், மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சும் பூனைக்குட்டி என்று எதிலிருந்தும் ஒட்டும். முடி அடியோடு ஒடிந்து, கரும்புள்ளி வைத்த மாதிரி தெரியும். ஒரு சிட்டிகைச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் காளான் இழை கண்ணுக்குத் தெரியும். சில நிமிட வேலை.

நீங்கள் போட்ட ட்யூப்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பெட்டியின் பெயரைப் போனில் படித்துக் காட்டினீர்களே, அதில் இருந்தது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், காளானை அடக்காது. அரிப்பு நின்றதும் நாம் நிம்மதியாகிவிடுவோம், காளான் முடிக்குழிக்குள் இறங்கிவிடும். ஒரு கட்டத்தில் உடம்பு விழித்துக்கொண்டு மூர்க்கமாக எதிர்க்கும்போதுதான் அந்த வீக்கமும் சீழும் வருகிறது. பார்க்கச் சாதாரணக் கட்டி மாதிரியே இருக்கும். உள்ளே கீறி எடுக்க ஒன்றுமில்லை. கீறினால் முடிக்குழியோடு சேர்ந்து தழும்பாகிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் தம்பிக்கு ஆறு வயதில் இதே கட்டி வந்தது. அப்போது நாங்கள் வாடிப்பட்டிப் பக்கம் இருந்தோம். அப்பா அவனைச் சைக்கிளில் வைத்து ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே கீறினார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கீறினார்கள். கட்டி ஆறியது, முடி வரவில்லை. உள்ளங்கையில் பாதி அளவுக்கு வழுவழுவென்று ஒரு தழும்பு. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வைத்த பட்டப்பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். இன்றைக்கும் அவன் குடும்பப் போட்டோவுக்கு நின்றால் இடது பக்கம் சாய்ந்துதான் நிற்பான். நான் தோல் மருத்துவம் படிக்க எடுத்ததற்கு அந்தத் தழும்புதான் காரணம். மேல்படிப்பில் இந்தக் கட்டியைப் பற்றிய பாடம் வந்த அன்று, மாத்திரையிலேயே குணமாகியிருக்கும் என்று தெரிந்த அன்று, விடுதிக்குப் போய் அழுதேன்.

ஆமாம், மாத்திரைதான். வெளியே பூசுகிற களிம்பு முடிக்குழியின் அடிவரை போகாது. கிரைசியோஃபல்வின் என்கிற மாத்திரை 1950களின் கடைசியிலேயே வந்துவிட்டது. அதற்கு முன்னால் பல நாடுகளில் பிள்ளைகளின் தலைக்கு எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி முடியை உதிர வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பின்னாளில் கட்டிகளும் புற்றுநோயும் வந்தன. அந்தக் கொடுமையை முடித்து வைத்த மருந்து இது. பையனின் எடைக்குக் கணக்குப் போட்டு ஆறு முதல் எட்டு வாரம் கொடுப்போம். கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும், அதனால் பாலோடு அல்லது சாப்பிட்டவுடன் கொடுங்கள். டெர்பினாஃபின் என்று இன்னொரு மாத்திரையும் உண்டு. எது என்பதை டாக்டர் முடிவு செய்வார். புண் வற்றியதும் நிறுத்திவிடாதீர்கள், அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

வீட்டில் மற்ற பிள்ளைகளின் தலையையும் காட்டுங்கள். சீப்பு, துண்டு, தலையணை உறை தனியாக இருக்கட்டும். மொட்டை போட வேண்டியதில்லை. மாத்திரை ஆரம்பித்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பலாம். மதுரை ராஜாஜி அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, காசு செலவில்லை. இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வகுப்பில் ஒரு பிள்ளையின் தலையில் வட்டம் தெரிந்தால் அந்த வாரமே வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வயது 22. உச்சியில் முடி மெலிகிறது. அப்பாவுக்கும் வழுக்கை. மினாக்சிடில் வாங்கி ஒரு மாதம் போட்டேன். முன்பைவிட அதிகமாகக் கொட்டியது, பயந்து நிறுத்திவிட்டேன். கடன் வாங்கியாவது முடி நட்டுக்கொள்ளலாமா?
- கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

தம்பி, கடன் வாங்காதே.

உனக்கு இருப்பது பரம்பரை வழுக்கையாக இருக்கலாம், நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆண் ஹார்மோனிலிருந்து உண்டாகும் டி.எச்.டி. என்கிற பொருள், நெற்றியிலும் உச்சியிலும் உள்ள முடிக்குழிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது. தடித்த முடி மெலிந்து, பூனைமுடியாகி, கடைசியில் மறைகிறது. பிடரியில் உள்ள குழிகளை அது அவ்வளவாகத் தொடாது. தாத்தாமார்களுக்குப் பின்பக்கம் மட்டும் முடி இருப்பது அதனால்தான்.

மினாக்சிடில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து. 1970களில் அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவும் திரவமாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைத்தது. போட ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்துக்குள் கொட்டுவது அதிகமாகும். ஓய்வில் இருக்கும் பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி கிளம்புகிறது என்று அதற்கு அர்த்தம். மருந்து வேலை செய்ய ஆரம்பித்த இடத்தில் நீ நிறுத்தியிருக்கிறாய். உனக்கு விற்றவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

ஐந்து சதவீதத் திரவம், காய்ந்த தலையில், ஒரு வேளைக்கு ஒரு மில்லி, காலையும் இரவும். முடியின் மேல் அல்ல, தோலில் படும்படி. நாலிலிருந்து ஆறு மாதம் போட்டால்தான் பலன் தெரியும். நிறுத்தினால் சில மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். இதை மனதில் வைத்து முடிவு செய். வீட்டில் பூனை இருந்தால் மருந்து பட்ட தலையணையிலும் கையிலும் அதை அண்ட விடாதே, பூனைக்கு இது விஷம். ஃபினாஸ்டிரைடு மாத்திரையும் உண்டு. சிலருக்கு ஆண்மை சம்பந்தமான தொந்தரவும் மனச்சோர்வும் வரலாம், அதனால் டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிய பிறகுதான். நண்பன் சாப்பிடுகிறான் என்று வாங்கிச் சாப்பிடக் கூடாது.

முடி நடுவதைப் பற்றி. பிடரி முடியை எடுத்து முன்னால் நடுகிறார்கள். நட்ட முடி நிற்கும், ஆனால் அதைச் சுற்றியுள்ள உன் சொந்த முடி தொடர்ந்து போகும். 22 வயதில் நட்டால் 30 வயதில் நடுவில் ஒரு திட்டு, சுற்றிலும் வெறுமை என்று ஆகலாம். பிடரியில் இருக்கும் இருப்பும் அளவானது, அதை இப்போதே செலவழித்தால் பிறகு எடுக்க இடமில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொள்ளப் போன ஒரு மருத்துவ மாணவர் உயிரையே விட்டார். அதுவும் ஆபரேஷன்தான், அழகு நிலையத்து வேலை இல்லை. யார் செய்கிறார், என்ன படித்திருக்கிறார், மயக்க டாக்டர் கடைசிவரை பக்கத்தில் இருப்பாரா என்று கேட்காமல் யாரும் படுக்கக் கூடாது. முதலில் ஒரு வருடம் மருந்து. அதன் பிறகு பேசலாம்.

விளாங்குடியில் வீடு கட்டி வந்ததிலிருந்து போர் தண்ணீர்தான். உப்பு. வீட்டில் மூன்று பேருக்கும் முடி கொட்டுகிறது. தண்ணீர் காரணமா?
- அரசு ஊழியர், விளாங்குடி

விழுந்த முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து வந்தது, தண்ணீர் மேல் பழி போட வேண்டாம், வேறு காரணம் தேட வேண்டும். இரண்டு நுனியும் மொட்டையாக, முடியும் கட்டை கட்டையாக இருந்தால் ஒடிந்தது. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கிச் சிக்கு விழ வைக்கும், சீவும்போது ஒடியும். கடைசியாக அலச மட்டும் இரண்டு செம்பு நல்ல தண்ணீர், பிறகு கண்டிஷனர், ஈரத்தோடு சீவாமல் இருப்பது - இது போதும். தலைக்கென்று பெரிய ஃபில்டர் வாங்க வேண்டாம்.

என் அம்மா 19 வருடமாகச் சித்தாள் வேலை பார்க்கிறார். சாந்துச் சட்டி தூக்கித் தூக்கி உச்சந்தலையில் வட்டமாக முடியே இல்லை. கோயிலுக்குக் கூட முக்காடு போட்டுத்தான் வருகிறார். நான் இப்போது வேலைக்குப் போகிறேன், எவ்வளவு செலவானாலும் பார்க்கிறேன். சரியாகுமா?
- மகள், செக்கானூரணி

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் என்னிடம் வருவதே இல்லை. வந்தாலும் கைகால் புண்ணுக்கு வருவார்கள், தலையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

சட்டியின் பாரம் உச்சியில் ஒரே இடத்தில் அழுத்துகிறது, நடக்கும்போது உரசுகிறது. ஆரம்பத்தில் முடி ஒடியும். வருடக்கணக்கில் போனால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து, முடிக்குழியே தூர்ந்துபோகும். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். அந்த இடத்தில் பூனைமுடியாவது இருந்தால், குழிப் புள்ளிகள் தெரிந்தால், பாரம் நின்றதும் ஓரளவு வரும், மினாக்சிடிலும் உதவும். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால் மருந்தால் வராது. எனவே ஒரு முறை தோல் டாக்டரிடம் காட்டி, எந்த நிலை என்று தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள். காட்டாமல் ஆயிரக்கணக்கில் எண்ணெயில் போடாதீர்கள்.

இன்னும் வேலைக்குப் போகிறார் என்றால் சும்மாட்டைக் கவனியுங்கள். பழைய சேலைத் துணியை இறுக்கிச் சுருட்டினால் கல் மாதிரி ஆகிவிடும். பருத்தித் துணியைத் தளர்வாக, அகலமாகச் சுற்றினால் பாரம் பரவும். சட்டியைத் தினமும் ஒரே புள்ளியில் வைக்காமல் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். சும்மாட்டுக்கு அடியில் கொண்டையோ கிளிப்போ கூடாது. ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள், வேலைத் தலத்தில் மூன்று வேளையும் டீயும் வடையுமாக ஓட்டுகிறவர்களுக்கு ரத்தம் குறைந்துதான் இருக்கும்.

அப்புறம், முக்காடு. மற்ற இடத்து முடியை ஒரு பக்கம் வகிடெடுத்து மேலே வாரிக் கட்டினால் பெரும்பாலும் மறைந்துவிடும். வேலை இல்லாத நாளில் நீங்களே ஒரு முறை உட்கார்ந்து வாரிவிட்டுப் பாருங்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வேலை. தாடியிலும் தலையிலும் காசு காசாகப் புழுவெட்டு. சின்ன வெங்காயம் தேய்த்தேன், பூண்டு அரைத்து வைத்தேன், தோல் வெந்து கொப்புளமாகிவிட்டது. புழு இன்னும் சாகவில்லை. ஐந்து வாரத்தில் கல்யாணம்.
- மணமகன், மதுரை

புழுவே இல்லை. அந்தப் பெயர் நம் ஊரில் எத்தனை பேர் தோலைச் சுட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. உங்கள் உடம்பின் எதிர்ப்புப் படை, சொந்த முடிக்குழியையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. குழி சாகவில்லை, திகைத்துப்போய் நிற்கிறது, அவ்வளவுதான். யாருக்கும் ஒட்டாது. இதைப் பெண் வீட்டாரிடமும் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஒன்றிரண்டு வட்டம் மட்டும் இருப்பவர்களில் நிறையப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முடி வந்துவிடும். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் இவ்வளவு பெயர் வந்தது அப்படித்தான். சீக்கிரம் வர வேண்டுமானால் வட்டத்துக்குள் ஸ்டீராய்டு ஊசியைச் சின்னச் சின்னதாகப் போடுவோம், நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை. மேலே பேரனுக்கு ஸ்டீராய்டு கூடாது என்றேன், உங்களுக்கு அதுதான் மருந்து என்கிறேன். பார்க்காமல் மருந்து சொல்லக் கூடாது என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான். இரண்டும் தலையில் வட்டம்தான்.

முதலில் கொப்புளம் ஆறட்டும். இப்போது எதுவும் தேய்க்காதீர்கள். கல்யாணத்துக்குள் முழுதாக முளைக்காது. தாடியை மழித்துவிட்டால் பாதி மறைந்துவிடும். புது முடி சிலருக்கு முதலில் வெள்ளையாக வரும், பிறகு கறுக்கும், பயப்பட வேண்டாம். தைராய்டு ஒரு முறை பாருங்கள், இரண்டும் கூடவே வருவதுண்டு. தலை முழுக்கப் போனவர்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. பாரிசிடினிப் என்கிற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022-ல் இதற்கென்றே அனுமதி கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையோடு டாக்டர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து அது.

பொடுகு போக ராத்திரி எண்ணெய் வைத்துக் காலையில் குளிக்கிறேன். போகவில்லை.
- வாசகி, சோழவந்தான்

போகாது. பொடுகுக்குக் காரணமான ஈஸ்ட் கிருமி எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வாழ்கிறது. நீங்கள் ராத்திரி முழுக்க அதற்குச் சோறு போடுகிறீர்கள். கீட்டோகோனசோல் இரண்டு சதவீத ஷாம்பு, வாரத்தில் இரண்டு நாள், நுரையை ஐந்து நிமிடம் தலையில் வைத்திருந்து அலசுங்கள். ஒரு மாதம். பிறகு வாரத்துக்கு ஒன்று போதும். உடனே கழுவிவிட்டால் பயனில்லை. எண்ணெய்க் குளியலை விட மனசில்லை என்றால் முடியின் நீளத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் தடவி, அரை மணி நேரத்தில் அலசிவிடுங்கள். முடிக்கு அது நல்லதுதான். செதில் வெள்ளி மாதிரி தடித்து நெற்றியைத் தாண்டி வந்தால் அது பொடுகு இல்லை, காட்டுங்கள்.

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்கிறார்கள். முழங்கால் வரை முடி. நோயைக் கேட்டபோது அழாதவள், முடி போகும் என்றதும் அழுதுவிட்டாள். நான் என்ன செய்யட்டும்?
- கணவர், திருமங்கலம்

முதலில், எந்த மருந்து என்று புற்றுநோய் டாக்டரிடம் கேளுங்கள். எல்லாக் கீமோவிலும் முடி முழுதாகப் போவதில்லை. போகும் மருந்து என்றால், முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு, மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். அந்த நீள முடி தலையணையில் கற்றை கற்றையாகக் கிடப்பதைப் பார்ப்பதுதான் கொடுமை. அதனால் முதல் ஊசிக்கு முன்பே தோள் வரைக்கோ காது வரைக்கோ வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும். வெட்டிய சடையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும், சிலர் அதிலேயே சவுரி செய்துகொள்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள். 'முடிதானே' என்று சொல்லாதீர்கள்.

மொட்டை அடிக்க வேண்டி வந்தால் பிளேடு கூடாது, மெஷின்தான். அந்தச் சமயத்தில் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும், சின்னக் கீறல் கூடப் புண்ணாகலாம். தலைக்கு மெல்லிய பருத்தித் துணி. நம் ஊர் வெயிலில் வெறும் தலையோடு வெளியே போக வேண்டாம். இமையும் புருவமும் கூடப் போகலாம், முன்னாலேயே சொல்லி வையுங்கள், திடீரென்று கண்ணாடியில் பார்த்தால் தாங்காது. எண்ணெய், மூலிகை எதுவும் இந்த மாதங்களில் தேய்க்க வேண்டாம்.

அப்புறம் வரும். கடைசி ஊசி முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பஞ்சு மாதிரி முளைக்கும், ஆறு மாதத்தில் காதை எட்டும் அளவுக்கு ஆகும். முதலில் சுருட்டையாகவோ நரையாகவோ வந்தால் அது பெரும்பாலும் மாறிவிடும். அபூர்வமாகச் சிலருக்கு அடர்த்தி குறைந்தே நிற்பதுண்டு. அப்படி ஆறு மாதம் தாண்டியும் மெலிந்தே இருந்தால் என்னிடம் கூட்டி வாருங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. கடைசி ஊசி எந்தத் தேதி என்று தெரிந்ததும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.